பச்சை கூடியது, கரை சரிந்தது: பிளம் தீவு உப்புச் சதுப்பில் நடந்த நைட்ரேட் சோதனை

ஒரு சதுப்பு நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவரச் சொன்னால் யாரும் முதலில் புல்லைத்தான் பார்ப்பார்கள். எவ்வளவு உயரம், எவ்வளவு அடர்த்தி, என்ன நிறம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிளம் தீவுக் கழிமுகத்தில், ஓடைநீரில் நைட்ரேட் என்ற நைட்ரஜன் சத்தைக் கலந்து 2004-இல் தொடங்கிய சோதனையில், முதல் சில ஆண்டுகள் புல் நல்ல சேதியைத்தான் சொன்னது. ஆறாவது ஆண்டுவாக்கில் ஓடைக்கரைகளில் அகலமான வெடிப்புகள் விழுந்தன. அப்புறம் கரை பாளம் பாளமாக ஓடைக்குள் இறங்கியது. புல் நின்ற இடம் சேறானது.

சதுப்பின் உயிர்த்திரளும் (அதாவது உயிர்ப்பொருளின் மொத்த எடையும்) ஊட்டச்சத்துச் சுழற்சியும் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். மேலே தெரியும் உயிர்த்திரளை மட்டும் எடை போட்டால் எவ்வளவு தூரம் ஏமாறலாம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் களம் எனக்குத் தெரிந்து இல்லை.

இடமும் புல்லும்

பாஸ்டனுக்கு வடக்கே, ரவுலி, இப்ஸ்விச், நியூபரி ஊர்களை ஒட்டிக் கிடக்கிறது இந்தச் சதுப்பு. நியூ இங்கிலாந்தில் தொடர்ச்சியாக நீளும் உப்புச் சதுப்புகளில் இதுவே பெரியது. ஏறத்தாழ 8,000 ஹெக்டேர். ஐரோப்பியக் குடியேறிகள் வந்த காலத்திலிருந்தே மாட்டுக்கு வைக்கோல் அறுத்த நிலம். வைக்கோல் போர் ஓத நீரில், அதாவது கடல் ஏறி இறங்கும் நீரில், நனையாமல் இருக்கக் கூட்டமாக நட்ட மரக்கட்டைகளின் அடிகள் இன்றும் அங்கங்கே துருத்திக்கொண்டிருக்கின்றன. 1998 முதல் இது அமெரிக்காவின் நீண்டகாலச் சூழலியல் ஆய்வுக் களங்களில் ஒன்று.

ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே நீர்மட்ட வேறுபாடு சராசரியாக இரண்டரை மீட்டருக்கு மேல். ஒவ்வொரு ஏற்றத்திலும் ஓடைகள் நிரம்பி, கரையோரப் பட்டை நனையும். கரைக்கு அப்பால் உள்ள சமதளம் அப்படியல்ல. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றங்களில்தான் அங்கே தண்ணீர் ஏறும். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சண்டையில் பாதி இதனால் வந்ததுதான்.

கரையோரப் பட்டையில் நிற்பது ஸ்பார்ட்டினா ஆல்டர்னிஃப்ளோரா என்ற புல்லின் உயர்ந்த வடிவம், ஆளுயரம்கூட வளரும். அதே புல் உள்ளே, நீர் சரியாக வடியாத இடத்தில், குட்டையாக நிற்கும். சமதளத்தை ஆள்வது மெல்லிய தண்டுள்ள ஸ்பார்ட்டினா பேட்டன்ஸ். அந்தக் கால வைக்கோல் பெரும்பாலும் இதுதான். வெற்றுத் திட்டுகளில் நம் உமரிக்கு உறவான சாலிகார்னியா முளைக்கும்.

ஸ்பார்ட்டினாவின் கணக்கு தலைகீழானது. மேலே தெரிவதைவிடக் கீழே இருப்பது பல சமயம் கூடுதல். மண்ணுக்கடியில் படுக்கையாக ஓடும் தண்டுகள், அவற்றிலிருந்து இறங்கும் வேர்கள், முந்தைய ஆண்டுகளில் செத்து இன்னும் மக்காத வேர்கள் எல்லாம் பின்னிப் பிணைந்து கிடக்கும். சேற்றில் ஆக்சிஜன் மேல் சில மில்லிமீட்டரோடு தீர்ந்துவிடுவதால் மக்குவது மெதுவாகத்தான் நடக்கிறது. அப்படி மக்காமல் சேர்ந்த வேர்க்குவியலும் ஓதம் கொண்டுவந்த வண்டலும் கலந்ததுதான் இந்தச் சதுப்பின் நிலம். பாஸ்டன் துறைமுக அளவைக்கருவி ஆண்டுக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் கடல்மட்ட உயர்வைக் காட்டுகிறது. அந்த வேகத்துக்குச் சதுப்பு உயர்ந்தாக வேண்டும். அதற்கு வண்டல் மட்டும் போதாது, வேரும் வேண்டும்.

அதற்கு முன் தெரிந்திருந்தது

நைட்ரஜன்தான் இந்தப் புல்லுக்குத் தட்டுப்பாடான சத்து என்பது பழைய சேதி. ஜார்ஜியாவின் சபேலோ தீவில் சூழலியலாளர் ஜான் டீல் 1962-இல் போட்ட ஆற்றல் கணக்கின்படி, சதுப்பின் நிகர உற்பத்தியில் ஏறத்தாழ 45 சதவீதம் ஓதத்தோடு கடலுக்குப் போகிறது. யூஜின் ஓடம் இதை விரித்து, சதுப்புகள் கரைக்கடலுக்கே உணவு அனுப்புகின்றன என்றார். 1980-இல் ஸ்காட் நிக்ஸன் கிடைத்த கணக்குகளை எல்லாம் அடுக்கிப் பார்த்து, எல்லாச் சதுப்பும் அப்படி அனுப்புவதில்லை என்று அந்த உற்சாகத்தில் தண்ணீர் தெளித்தார்.

இதற்கிடையே மாசசூசெட்ஸின் கேப் காட் பகுதியில் உள்ள கிரேட் சிப்பெவிசெட் சதுப்பில் ஐவன் வலியேலாவும் டீலும் 1970-களின் தொடக்கத்திலேயே உரம் போட்டுப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். கழிவுநீர்க் கசடில் செய்த உரத்தை வட்டமான சோதனைத் திட்டுகளில் தூவினார்கள். புல் செழித்தது. 1976-இல் வந்த அவர்களது கட்டுரை ஒன்று நிலத்தடி உயிர்த்திரளையும் அளந்தது. உரம் போட்ட இடத்தில் வேர்களின் எடை குறைந்திருந்தது. 1979-இல் அந்தச் சதுப்பின் முழு நைட்ரஜன் வரவு செலவையும் வெளியிட்டார்கள். நிலத்தடி நீரோடு நைட்ரேட்டாக உள்ளே வருவதில் ஒரு பகுதியை பாக்டீரியாக்கள் நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடுகின்றன. இன்னொரு பகுதி அம்மோனியமாகவும் கரிமப் பொருளாகவும் உருமாறிக் கடலுக்குப் போகிறது.

நைட்ரேட்டில் ஒரு பகுதி காற்றில் போய்விடுகிறது என்ற கண்டுபிடிப்பு கொள்கை வகுப்பவர்களுக்குப் பிடித்துப்போனது. ஊர்க் கழிவுநீரிலும் வயல் வடிகாலிலும் வரும் நைட்ரஜனைச் சதுப்பு இலவசமாகச் சுத்தம் செய்து தருகிறது என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? சுத்தம் செய்கிற வேலையில் சதுப்புக்கு என்ன ஆகிறது என்ற கேள்வியைக் கேட்கத்தான் ஆள் குறைவாக இருந்தது.

சோதனை

பிளம் தீவில் சூழலியலாளர் லிண்டா டீகன் தலைமையிலான குழு இதற்கு எடுத்த வழி புதிது. திட்டுகளில் உரம் தூவாமல், முழு ஓடையையும் அதன் சதுப்பையும் ஒரே அலகாக எடுத்துக்கொண்டார்கள். ஸ்வீனி என்ற ஓடையில் நைட்ரேட் கலப்பது. பக்கத்தில் அதே அளவுள்ள வெஸ்ட் ஓடையை ஒப்பீட்டுக்காக அப்படியே விடுவது. பின்னர் வேறு ஓடைகளும் சேர்ந்தன.

கரைத்த சோடியம் நைட்ரேட்டை ஏற்றத்தின்போது மட்டும் ஓடைக்குள் பம்பு செய்தார்கள். நீர் வரத்துக்குத் தக்கபடி பம்பின் வேகமும் கூடிக் குறையும். நாளுக்கு இரண்டு ஏற்றம். மே நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை, புல் வளரும் காலம் முழுக்க. ஓதநீரில் இருக்க வேண்டிய செறிவு லிட்டருக்கு 70 முதல் 100 மைக்ரோமோல் நைட்ரேட். வெஸ்ட் ஓடையில் அது 5-ஐத் தொடுவதே அரிது.

இந்த எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். 70 மைக்ரோமோல் என்றால் லிட்டருக்குச் சுமார் 1 மில்லிகிராம் நைட்ரஜன். அமெரிக்காவில் குடிநீருக்கே அனுமதிக்கும் வரம்பு 10 மில்லிகிராம். அதாவது, குடிக்கலாம் என்று சட்டம் சொல்லும் அளவில் பத்தில் ஒரு பங்குதான் இந்த ஓடைக்குள் போனது. மக்கள் நெருக்கம் மிகுந்த கரையோரங்களில் இப்போதே காணப்படும் அளவும் ஏறத்தாழ இதுதான். அளவுக்கு மிஞ்சிய மருந்தைக் கொடுத்துவிட்டு நோய் வந்தது என்று சொல்லும் சோதனை அல்ல இது.

மேலே கூடியது, கீழே குறைந்தது

இரண்டு மூன்று ஆண்டுகளில் ஓடைக்கரைப் புல் உயர்ந்தது, பச்சை ஏறியது, இலையில் நைட்ரஜன் கூடியது. திட்டுச் சோதனைகளில் கண்ட அளவுக்கு அது எகிறவில்லை என்பதும் உண்மை. எதிர்பார்த்த திசையில், மிதமாக நகர்ந்தது. கனம் கூடிய தாள்கள் நிற்க முடியாமல் சாயவும் செய்தன. யூரியாவை அள்ளிப் போட்ட நெல் கதிர் பிடிக்கும் முன்பே படுத்துவிடுவதைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இராது.

புல் ஏன் வேர் விடக் குறைத்தது? வேர் விடுவது செலவு. சத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கும்வரைதான் அந்தச் செலவு கட்டுபடியாகும். சத்து நாளுக்கு இரண்டு முறை தண்ணீரோடு கால்மாட்டுக்கே வந்தால், புல் தன் சம்பாத்தியத்தை வெயிலுக்குப் போட்டியிட மேலே அனுப்பிவிடும். புல்லைக் குறை சொல்ல முடியாது. அதன் கணக்கில் அது சரிதான். இலையுதிர்காலத்தில் இலையின் நைட்ரஜனை நிலத்தடித் தண்டுக்கு இறக்கிச் சேமித்து, வசந்தத்தில் மறுபடி மேலே ஏற்றுவது ஸ்பார்ட்டினாவின் வழக்கம். அந்தச் சேமிப்புக் கிடங்கு பெரிதாக இருக்க வேண்டிய தேவையும் குறைந்துவிடுகிறது.

இங்கே அளக்கும் முறை பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் தவறான முடிவுகள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன. மேல் உயிர்த்திரளை அளப்பது சுலபம். ஒரு சட்டத்தைப் போட்டு, உள்ளே நிற்கும் தாள்களை வெட்டி, அடுப்பில் எடை மாறாத நிலைவரை உலர்த்தி எடை போட்டால் வேலை முடிந்தது. வெட்டக்கூட வேண்டாம், தாளின் உயரத்திலிருந்தே எடையைக் கணிக்கச் சூத்திரங்கள் உண்டு. செயற்கைக்கோள் படத்தில் பச்சைக் குறியீட்டை வைத்தும் சொல்லிவிடுகிறார்கள்.

கீழே இருப்பதை அளக்கக் குழாயை மண்ணில் இறக்கி உருளையாக வெட்டி எடுக்க வேண்டும். அதை அடுக்கடுக்காக நறுக்கி, ஒவ்வொன்றையும் சல்லடையில் போட்டுத் தண்ணீர் பீய்ச்சி, சேறு போகும்வரை கழுவ வேண்டும். பிறகு இடுக்கியோடு உட்கார்ந்து, வெள்ளையாக விறைப்பாக இருப்பது உயிருள்ள வேர், பழுப்பாகத் துவண்டு இருப்பது செத்தது என்று இழை இழையாகப் பிரிக்க வேண்டும். நடுவே எதிலும் சேராதவை நிறைய வரும். அழுகிய முட்டை நாற்றம் கையை விட்டுப் போகாது. ஒரு உருளைக்கு மணிக்கணக்கில் ஆகும், அடுத்த உருளை அரை மீட்டர் தள்ளி எடுத்தால் வேறு எண் காட்டும். சதுப்பு ஆய்வுகளில் மேல் உயிர்த்திரள் எண்கள் குவிந்து கிடக்க, வேர் எண்கள் அரிதாக இருப்பதற்கு அறிவியல் காரணம் எதுவும் தேட வேண்டாம்.

பிளம் தீவில் இந்த வேலையைச் செய்தார்கள். கரையைப் பிடித்து வைக்கும் வேர்களும் நிலத்தடித் தண்டுகளும் நைட்ரேட் பெற்ற ஓடைகளில் குறைந்திருந்தன.

சேற்றுக்குள்

வேர் குறைந்தது பாதிக் கதை. ஏற்கெனவே இருந்த வேர்க்குவியலுக்கு என்ன ஆயிற்று என்பது மறுபாதி. எனக்கு இதுதான் கூடுதல் சுவையான பகுதி.

ஆக்சிஜன் இல்லாத சேற்றில் பாக்டீரியாக்கள் கடல்நீரின் சல்பேட்டைக் கொண்டு சுவாசிக்கின்றன. அந்த நாற்றமெல்லாம் இதன் விளைவான ஹைட்ரஜன் சல்ஃபைடு. சல்பேட் ஏராளம், கடல்நீரில் லிட்டருக்கு 28 மில்லிமோல், அதாவது 28,000 மைக்ரோமோல். ஆனால் அதிலிருந்து கிடைக்கும் ஆற்றல் சொற்பம். லிக்னின் என்ற விறைப்பூட்டும் பொருள் மிகுந்த கடின வேரைச் சிதைக்கும் அளவுக்கு அந்தப் பிழைப்பில் லாபமில்லை. வேர் நூற்றாண்டுகளாக மக்காமல் நின்றதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நைட்ரேட்டைக் கொண்டும் பாக்டீரியா சுவாசிக்கலாம். அதில் கிடைக்கும் ஆற்றல் பல மடங்கு. ஆக, ஓடையில் கலந்த நைட்ரேட் புல்லுக்கு உரமாக மட்டும் போகவில்லை. சேற்றின் நுண்ணுயிர்களுக்கு மூச்சுக்காற்றாகவும் போனது. அளவில் அது சல்பேட்டில் 400-இல் ஒரு பங்குதான். ஆனால் நாளுக்கு இரு முறை புதிதாக வந்துகொண்டிருந்தது. நைட்ரஜன் வாயுவாக மாறிக் காற்றில் போவது நமக்கு நல்லதுதான். அந்த மாற்றத்தில் பாக்டீரியா எரித்த எரிபொருள் எது என்று பார்த்தால், சதுப்பின் சொந்த நிலம். மேலே சொன்ன இலவசச் சுத்திகரிப்பின் விலை இங்கே எழுதப்பட்டிருக்கிறது.

நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஜெனிஃபர் போவன் ஆய்வகத்தில் ஆஷ்லி புல்செக்கோ இதைத் தனியாகச் சோதித்தார். பிளம் தீவு மண்ணை வெவ்வேறு ஆழங்களிலிருந்து எடுத்து, நைட்ரேட் கலந்த கடல்நீரையும் சாதாரணக் கடல்நீரையும் தொடர்ந்து ஊடுருவ விட்டுப் பார்த்தார். நைட்ரேட் போன மண்ணில் கரிமப் பொருள் சிதைவது கூடியது. மேல்மண்ணில் மட்டுமல்ல, இனி சிதையாது என்று நினைத்திருந்த ஆழத்து மண்ணிலும். 2019-இல் வந்த இந்த முடிவு, அம்மோனியமும் நைட்ரேட்டும் சதுப்புக்கு ஒன்றல்ல என்ற கருத்துக்கு வலு சேர்த்தது. புல்லுக்கு இரண்டும் நைட்ரஜன். நைட்ரேட் மட்டும் நுண்ணுயிருக்குச் சுவாசப் பொருளும்கூட.

கரை

ஓடைக்கரை என்பது வேர் பின்னிய மண்ணால் ஆன கிட்டத்தட்டச் செங்குத்துச் சுவர். ஏற்றத்தில் தண்ணீர் இருபுறமும் நிற்பதால் அதற்குச் சிரமமில்லை. வற்றத்தில் ஓடை காலியாகும். சுவரின் உள்ளே ஊறிய நீர் உடனே வடியாது. அந்த நேரத்தில் ஈர மண்ணின் முழு எடையையும் தாங்கிப் பிடிக்க வேண்டியது வேர்ப்பின்னல்தான். வேர் மெலிந்து, பழைய வேர் மக்கி, மண் கூழாகி நீரைக் கூடுதலாகப் பிடித்துக்கொண்டால், எடை கூடுகிறது, பிடிப்பு குறைகிறது. மேலே கனத்த புல் வேறு சாய்கிறது.

முதலில் கரைக்கு இணையாக, புல்லுக்கு நடுவே மேலிருந்து எளிதில் தெரியாத வெடிப்பு வரும். அது அகன்று, வெளிப்பக்கப் பாளம் புல்லோடு சேர்ந்து ஓடையை நோக்கி வழுக்கி இறங்கும். இறங்கிய பாளத்தின் மேல் புல் உடனே சாகாது; கொஞ்ச காலம் பச்சையாகவே நிற்கும். ஆனால் அது இப்போது தாழ்ந்த மட்டத்தில் இருக்கிறது, நீரில் மூழ்கும் நேரம் மிக நீண்டுவிட்டது. புல் செத்து, பாளம் கரைந்து, சேறு மிஞ்சும். ஓடை அகலும்.

ஒன்பது ஆண்டுத் தரவோடு 2012 அக்டோபரில் நேச்சர் இதழில் இந்த முடிவுகள் வந்தன. ஊட்டச்சத்து மிகையும் சதுப்பு அழிவுக்கு ஒரு காரணம் என்று அந்தக் கட்டுரை துணிந்து சொன்னது. வழக்கமான ஆராய்ச்சி நிதி மூன்று ஆண்டுக்குத்தான் கிடைக்கும். மூன்றாம் ஆண்டில் பம்பை நிறுத்திக் கட்டுரை எழுதியிருந்தால், மிதமான நைட்ரஜன் சதுப்பைச் செழிக்க வைக்கிறது என்று முடித்திருப்பார்கள். அளவீட்டில் ஒரு பிழையும் இருந்திருக்காது.

மீனும் இதே ஏமாற்றத்தைக் காட்டியது. மம்மிச்சோக் என்ற சிறு மீன் ஏற்றத்தோடு சதுப்பின் மேல் ஏறி இரை தேடும். நைட்ரேட் வந்த ஓடைகளில் முதல் சில ஆண்டுகள் அது பெருகியது. இரை கூடியதால் இருக்கலாம். கரை சரிந்த பிறகு எண்ணிக்கை வீழ்ந்தது. சரிந்த கரையோரம் இரை தேடும் தளத்துக்கு ஏறிச் செல்லும் வழியைக் கெடுத்துவிட்டது. உணவு இருந்தும் போய்ச் சேர வழியில்லை.

மறுப்பவர்கள்

இந்த முடிவை எல்லோரும் அப்படியே ஏற்கவில்லை, ஏற்காததற்கு நல்ல காரணமும் உண்டு. கிரேட் சிப்பெவிசெட்டில் பல பத்தாண்டுகளாக உரம் போட்ட திட்டுகள் தாழ்ந்துபோய்விடவில்லை. தென் கரோலினாவின் நார்த் இன்லெட்டில் ஜேம்ஸ் மாரிஸ் உரமிட்ட திட்டுகளில் தரைமட்டம் உயர்ந்தே விட்டது. அடர்ந்த தாள்கள் ஓதநீரின் வேகத்தைக் குறைத்து வண்டலைப் படியவைத்தன. லாங் ஐலண்டு சவுண்டில் ஷிமோன் அனிஸ்ஃபெல்டும் டிராய் ஹில்லும் உரமிட்டுப் பார்த்தபோதும் தரை இறங்கவில்லை.

என் பார்வையில் இவை ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. சிப்பெவிசெட்டிலும் நார்த் இன்லெட்டிலும் உரம் திட்டின் மேல் திடமாகத் தூவப்பட்டது. பிளம் தீவில் நைட்ரேட்டாக, தண்ணீரோடு, கரைச்சுவரை நனைத்துக்கொண்டு வந்தது. அங்கே அளந்தது சமதளத்தின் உயரம். இங்கே பார்த்தது கரை நிற்கிறதா என்பது. சிறு திட்டில் கரைச்சரிவு நிகழ இடம் குறைவு, ஆகவே அது கண்ணில் படும் வாய்ப்பும் குறைவு. வண்டல் தாராளமாக வரும் சதுப்புக்குப் புல்லின் தாள்தான் சொத்து. பிளம் தீவு போல வேர்க்குவியலை நம்பி நிற்கும் சதுப்புக்கு வேர்தான் சொத்து. எந்தச் சதுப்பு எந்த வகை என்று தெரியாமல் உரத்தின் விளைவைப் பொதுவாகச் சொல்வது வீண்வேலை.

நைட்ரேட் சேர்ப்பது 2016-இல் நிறுத்தப்பட்டது. ஒப்பீட்டு ஓடைகளோடு சேர்த்து அளவீடு மட்டும் தொடர்ந்தது.

பம்பு இல்லாமலே இதே சோதனை நடக்கும் இடம் ஒன்று உண்டு: நியூயார்க் நகரின் ஜமைக்கா விரிகுடா. நான்கு பெரிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களின் நீர் அதில்தான் கலக்கிறது. அங்குள்ள சதுப்புத் தீவுகள் பல பத்தாண்டுகளாகச் சுருங்கி, விளிம்பு நொறுங்கி, நடுவே குளம் விழுந்து சேறாகின. வண்டல் தடைபட்டது, கால்வாய்கள் ஆழப்படுத்தப்பட்டது, அலையரிப்பு என்று காரணங்கள் பல. நைட்ரஜனும் அவற்றில் ஒன்று. எல்டர்ஸ் பாயின்ட் ஈஸ்ட் தீவில் 2006-07-இல் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை மணலைக் கொட்டித் தரையை உயர்த்தி, ஸ்பார்ட்டினா நாற்றுகளை நட்டது. நகர நிர்வாகம் இன்னொரு பக்கம் சுத்திகரிப்பு நிலையங்களில் நைட்ரஜனைக் குறைக்கும் கருவிகளைச் சேர்த்தது. மணல் போட்ட தீவு சில பருவங்களிலேயே பச்சையானதைப் படம் பிடித்துக் காட்டலாம். நைட்ரஜன் குறைந்ததால் கிடைக்கும் பலனைப் பார்க்க, குழாயை இறக்கி வேரைக் கழுவி எண்ண வேண்டியிருக்கிறது.